பதினான்கு பேருக்கு ஒரு வலி

தவசிமுத்து கங்காணியாக இருந்த உப்பளத்தில் வேலை பார்த்த பதினான்கு பெண்களுக்கும் சேர்த்து இடுப்பு வலி ஒன்றுதான் இருந்தது. ஆளுக்கொரு நாள் என்று முறை போட்டு அதை வைத்துக்கொண்டார்கள். பக்கத்து அளத்தில் எட்டுப் பேருக்கு இரண்டு வலி. எது பெரியது எது சின்னது என்று அங்கே விடிந்தால் சண்டைதான். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

காலை ஆறு மணிக்கு வரப்பில் வலி கைமாறும். முதல் நாள் வைத்திருந்தவளும் அன்றைய முறைக்காரியும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பார்கள். வாங்குகிறவள் முன்னால் குனிவாள், கொடுக்கிறவள் அவள்மேல் மெல்லச் சாய்வாள். செம்பிலிருந்து செம்புக்கு ஊற்றுவதுபோல வலி இறங்கும். "எடுத்துக்கிட்டியா?" என்பாள் ஒருத்தி. "எடுத்துக்கிட்டேன்" என்பாள் மற்றவள். கூடவே ஒரு வயர் கூடையும் கைமாறும். அதில் தைல பாட்டில், ரப்பர் வெந்நீர்ப் பை, ஆஸ்பத்திரியில் கொடுத்த இடுப்பு பெல்ட், முதுகுக்கு வைக்கச் சுருட்டிய துண்டு எல்லாம் இருக்கும். அவை வலியின் சாமான்கள். வேறு யாரும் தொடுவதில்லை.

வலி உள்ளவள் உப்பு வார வேண்டியதில்லை. ஓலைப் பந்தலின் கீழே முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஒரே ஒரு பொறுப்பு. வலி தாங்க முடியாத இடத்துக்கு வரும்போது "போதும்" என்று சொல்ல வேண்டும். சொன்னவுடன் மற்ற பதின்மூன்று பேரும் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவர்களாக நிறுத்த முடியாது. எப்போது போதும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்குத்தான் வலியே இல்லையே.

தங்கபுஷ்பத்தின் முறை செல்வபாய்க்கு அடுத்தது. நாற்பத்தாறு வயது, பாத்தியில் இறங்கி முப்பது வருஷம். பதின்மூன்று நாள் குனிந்து வாரிவிட்டுப் பதினாலாம் நாளுக்காகக் காத்திருப்பாள். அன்றைக்கு உட்கார்ந்து என்ன செய்வாய் என்று யாராவது கேட்டால், "உக்காருவேன்" என்பாள். அதற்கு மேல் அவளுக்கு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை செல்வபாயின் முறை. பதினொரு மணிக்கு மதுரையிலிருந்து கார் வந்து நின்றது. மகளுக்குப் பிரசவம் ஆகிவிட்டது, ஆண் குழந்தை, உடனே கிளம்ப வேண்டும் என்றான் வந்தவன். பேரன் பிறந்தால் யாருக்குத்தான் தலைகால் புரியும்? கூடையை மறந்தாள், செருப்பை மறந்தாள், சோற்றுச் சட்டியை மறந்தாள். வலியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பாத்தியில் நின்றவர்கள் வாரிக்கொண்டே இருந்தார்கள். மூன்று மணிக்கு அளத்து உப்பு முழுவதும் அம்பாரத்துக்கு வந்துவிட்டது. யாரும் போதும் என்று சொல்லாததால் வரப்பைத் தாண்டிப் பக்கத்து அளத்து உப்பையும் வாரினார்கள். அது முடிந்ததும் தார் ரோட்டுக்கு ஏறி, ஓரத்தில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைச் சுரண்டிக் கூடையில் அள்ளினார்கள். மாதா கோயில் மதிலின் சுண்ணாம்பைப் பாதி வரைக்கும் உரித்தார்கள். அங்கே மேய்ந்துகொண்டிருந்த வெள்ளைப் பசு ஒன்று, சொந்தக்காரர் நேரத்தோடு வந்து ஓட்டிக்கொண்டு போனதால் தப்பியது. பொழுது சாய்ந்ததும் வீட்டு ஆட்கள் வந்து ஒவ்வொருத்தியையும் கையைப் பிடித்து அழைத்துப்போனார்கள்.

மறுநாள் முதலாளி வந்து அம்பாரத்தைப் பார்த்தார். அவருக்கு முகமெல்லாம் பல். "வலியில்லாத அளத்துக்கு நிழல் என்னத்துக்கு?" என்று கேட்டார். கேள்வி நியாயமாக இருந்தது. பந்தல் ஓலையைப் பிரித்து அம்பாரத்தை மூடினார்கள். முக்காலி முதலாளி வீட்டு வாசலுக்குப் பூந்தொட்டி வைக்கப் போயிற்று.

செல்வபாய்க்கு போன் போட்டால் "நாளைக்கு வாறேன்" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். நான்காம் நாள் எடுக்கவில்லை.

தங்கபுஷ்பத்துக்கு எங்கேயும் வலிக்கவில்லை. அதுதான் தொல்லையாகப் போயிற்று. வலிக்கவில்லை, ஆனால் நிமிரவும் இல்லை. ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போகும்போது முந்தின நாளைவிட நான்கு விரற்கடை குட்டையாகப் போனாள். திங்கட்கிழமை அடுக்களை ஸ்டாண்டில் மேல் தட்டிலிருந்த மிளகாய்த்தூள் டப்பா எட்டவில்லை. செவ்வாய்க்கிழமை நடுத்தட்டு எட்டவில்லை. புருஷன் பாக்கியநாதன் சாமான்களைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்தான். புதன்கிழமை கீழ்த்தட்டையும் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உள்ளபடியே பயம் வந்தது. இப்படியே போனால் அடுத்த மாதம் தரையோடு தரையாகிவிடுவோம், அப்போதும் வலிக்காமல்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

"முறைக்காரி நீதானே. நீயே போயி வாங்கிட்டு வா" என்றாள் உலகம்மாள். அவளுடைய முறை தங்கபுஷ்பத்துக்கு அடுத்தது. அவளும் குட்டையாகிக்கொண்டு வந்தாள்.

கங்காணி ஒரு நாள் விட்டார். விடும்போது ஒன்று சொன்னார். "போகும்போது பஸ்ல உக்காந்திராத, புஷ்பம். வலி கைக்கு வராம உக்காருதது முறையில்ல."

அது அவளுக்கும் தெரியும். வயர் கூடையை எடுத்துக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து மதுரை வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள்.

மகள் வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. செல்வபாய் முன்னறைக் கட்டிலில் ஃபேனுக்கு நேராகச் சாய்ந்திருந்தாள். கையில் காப்பி டம்ளர். தங்கபுஷ்பத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பிறகு சுருங்கியது.

"ஏட்டி, என்ன இவ்ளோ குட்டையாயிட்ட?"

"வலி இல்லாம வாருதோம்லா மதினி. அதான்."

"கூடையையும் கொண்டாந்திருக்கியே."

"அதோட சாமானுவள விட்டுட்டு வந்துட்டியளே."

செல்வபாய் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் கெட்டவள் அல்ல. கேட்டால் கொடுக்காமல் இருக்கிறவளும் அல்ல. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "எனக்கு அம்பத்தெட்டு வயசு ஆவுது புஷ்பம். நான் இருக்க எடத்துக்கு யாரும் காப்பி கொண்டாந்து குடுத்ததில்ல. வந்த அன்னைக்கு இடுப்பப் புடிச்சிட்டு நின்னேன். இங்க உக்காருங்கன்னு சொன்னாவ. எனக்கு அழுக வந்துட்டு."

பிறகு அவளாகவே எழுந்து முதுகைத் திருப்பி நின்றாள். "எடுத்துக்க. ஒன் முறைதானே."

தங்கபுஷ்பம் ஏற்கெனவே குனிந்துதான் இருந்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்தாள். செல்வபாய் சாய்ந்தாள். வலி இறங்கிற்று. இடுப்பின் நடுவில் ஒரு கொத்துச் சாவியை வைத்து யாரோ மெல்லத் திருகுவதுபோல் இருந்தது. வலது தொடையின் பின்பக்கம் வழியாக முழங்கால் வரைக்கும் ஓடியது. எத்தனை நாளாயிற்று! தங்கபுஷ்பத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. இனி உட்காரலாம். பஸ்ஸில் உட்காரலாம், பந்தல் இல்லாவிட்டால் வரப்பில் உட்காரலாம்.

செல்வபாய் நிமிர்ந்து நின்றாள். நிமிர்ந்த சத்தம் அடுக்களைக்குக் கேட்டிருக்க வேண்டும். மகளின் மாமியார் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "சம்பந்தி, எந்திரிச்சிட்டீகளா? அப்ப அந்தத் தொட்டில் துணிய அலசிப் போட்டுருங்க. அப்படியே கீழ போயி ரெண்டு கொடம் தண்ணி."

செல்வபாய் சேலையைத் தூக்கிச் செருகினாள். கட்டிலுக்குக் கீழே இருந்த குடத்தை எடுக்கக் குனிந்தாள். முப்பது வருஷமாகப் பாத்தியில் பக்கத்தில் நின்று பார்த்த அதே குனிவு.

தங்கபுஷ்பத்துக்குப் பொறுக்கவில்லை. "நில்லுங்க மதினி" என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். தன் முதுகை அவள் முதுகோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் இறங்கியது.

"எடுத்துக்கிட்டியளா?"

"எடுத்துக்கிட்டேன்" என்றாள் செல்வபாய். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து, "சரி சரி, நீங்க சாஞ்சுக்கங்க, நானே பாத்துக்கிறேன்" என்று குரல் வந்தது. தங்கபுஷ்பம் கூடையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். குழந்தையைப் பார்த்து, கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சிவிட்டுப் படியிறங்கினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. அவள் நின்றுகொண்டு வந்தாள். கண்டக்டர் உட்காரச் சொன்னார். "என்கிட்ட வலி இல்ல" என்றாள். அவர் சரி என்று முன்னால் போய்விட்டார். கோவில்பட்டி தாண்டும்போது யோசித்துப் பார்த்தாள். கொடுத்தது தப்பு என்று தோன்றவில்லை. ஆனால் பதின்மூன்று நாள் குனிந்து சம்பாதித்த முறை தன்னுடையது, அதை யாரும் இன்னும் இல்லை என்று சொல்லவில்லை. காலியாக இருந்த இருக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லோரும் வரப்பில் கூடியிருந்தார்கள். தங்கபுஷ்பம் வந்தாள். பந்தல் இருந்த இடத்துக்குப் போய், வரப்பில் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வலியக் கொண்டாந்தாச்சா?" என்று கங்காணி கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி."

"பெறகு என்னத்துக்கு உக்காருத?"

இன்றோடு வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டால், வேறு எந்த அளத்திலும் ஒரு முழ உயரம் குறைந்தவளைச் சேர்க்கமாட்டார்கள். இருந்தாலும் எழுந்திருக்கவில்லை.

"மதுரையில இருக்க வலி யாரோடது அண்ணாச்சி?"

கங்காணி யோசித்தார். "நம்ம அளத்தோடதுதான்."

"அது வெளியூர் போயிருக்கு. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"இப்போ முறை யாரோடது?"

"ஒன்னோடது."

"அப்போ நான் உக்காரணும்லா."

கங்காணி அதை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் யோசித்துப் பார்த்தார். ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை. "ஆமா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். மற்ற பதின்மூன்று பேரில் ஒருத்தி மதுரையில் இருந்ததால் மீதிப் பன்னிரண்டு பேர் பாத்தியில் இறங்கினார்கள்.

உட்கார்ந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. வலி இருந்தால் அதுவே சொல்லிவிடும். இப்போது இவளாகச் சொல்ல வேண்டும். தங்கபுஷ்பம் பிறந்ததிலிருந்து எதையும் போதும் என்று தானாகச் சொன்னதில்லை. சோற்றுக்குக்கூடச் சொன்னதில்லை. பாத்தியைப் பார்த்தாள். உலகம்மாளின் முழங்கை தண்ணீரில் பட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு தாழ்ந்திருந்தாள். மற்றவர்களும் வாரும்போது நடுநடுவே நிமிரப் பார்த்தார்கள், முடியாமல் அப்படியே அடுத்த வாரலுக்குப் போனார்கள். யாருக்கும் வலிக்கவில்லை. எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"போதும்."

பன்னிரண்டு பலகையும் ஒன்றாகக் கீழே விழுந்தன.

கங்காணி ஓட்டமும் நடையுமாக வந்தார். "ஏ புஷ்பம், இன்னும் பத்து மணி ஆகலயே. அவ்வளவு வெள்ளனவா வலிச்சுது?"

"வலிக்கதுக்கு முன்னாலயே சொல்லிட்டேன் அண்ணாச்சி."

பெண்கள் ஒவ்வொருவராக வரப்பில் ஏறினார்கள். இடுப்பில் கையை ஊன்றி, ஒரு எலும்பு ஒரு எலும்பாக நிமிர்ந்தார்கள். பிறகு தங்கபுஷ்பத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். உலகம்மாள் காலை நீட்டிக்கொண்டு, "அப்பாடா" என்றாள். தங்கபுஷ்பம் அழுதாள்.

மறுநாள் வேலைக்காகப் பாத்தியில் தண்ணீர் பாய்ச்சக் கங்காணி அப்போதே மடையைத் திறக்கப் போனார். கடலிலிருந்து ஓடை வழியாக ஏறிவந்த தண்ணீர், மடைக்கு இருபதடி முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது. முன்னால் நின்ற தண்ணீர் முழங்கால் உயரத்தில் அசையாமல் நிற்க, பின்னால் வந்தது அதன்மேல் ஏறாமல் வரிசையாக நின்றது. வரிசை ஓடை நெடுக வளைந்து கடல் வரைக்கும் போயிற்று. தங்கபுஷ்பம் சொன்ன "போதும்" அதற்கும் கேட்டிருக்க வேண்டும். கங்காணி செருப்பைக் கழற்றாமலே திரும்பினார்.

"நாளைக்கு முறை யாருக்கு?" என்று கேட்டார்.

"எனக்கு" என்றாள் உலகம்மாள்.

"கொஞ்சம் வெள்ளன வந்து தண்ணிகிட்ட ஒரு வார்த்த சொல்லிரு" என்று சொல்லிவிட்டு, அவரும் வரப்பில் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தார்.