கனகலிங்கம் கோட்டில் சொன்னது

நெடுங்கேணிக் கனகலிங்கம் நல்ல மனிதர். அந்த நல்ல குணத்தால்தான் வழக்கே பாழாய்ப் போனது என்று அவருடைய மனைவி பத்மாசனி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இரண்டாம் உலக யுத்த காலம் தொடங்கிப் பதினாறு வருடம் அவர் திருகோணமலையில் ஒரு கப்பல் திருத்தும் கொம்பனியில் வேலை செய்தவர். நீராவிக் குழாய்களுக்கு வெறுங்கையால் அஸ்பெஸ்ரஸ் சுற்றுவது வேலை. மாலையில் வெளியே வந்தால் தலை, மீசை, புருவம் எல்லாம் மா இடித்தவர் போல வெள்ளையாக இருக்கும். ஊருக்கு வந்து காடு வெட்டித் தோட்டம் வைத்த பிறகுதான் அந்தத் தூள் நெஞ்சுக்குள் இருந்து தன் குணத்தைக் காட்டியது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த கொழும்பு டாக்குத்தர், இது அஸ்பெஸ்ரஸ் தந்த வருத்தம்தான் என்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்து நட்டஈடு கேட்டு வவுனியாக் கோட்டில் வழக்குப் போட்டார்கள்.

விசாரணை நாளில் நீதிபதி இரக்கத்தோடு, “இப்போது எப்படி இருக்கிறீர்?” என்று கேட்டார். பெரிய மனிதர் சுகம் விசாரித்தால் நம்முடைய ஆட்கள் வேறு என்ன சொல்வார்கள்? கனகலிங்கம் தோளில் கிடந்த சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, “ஐயாவின்ர புண்ணியத்தில நல்ல சுகம்” என்றார். தவளை தன் வாயால் கெட்டது. கொம்பனிக்காக வாதாடிய அப்புக்காத்து அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டார். தீர்ப்பு வெறும் முந்நூறு ரூபாய்.

பத்மாசனிக்கு வேண்டியிருந்தது தண்ணீர் இறைக்கும் மிசின் ஒன்று. அது வந்தால் மிளகாய்த் தோட்டம் தப்பும். இல்லாவிட்டால் தோட்டத்தைக் கைவிட்டு ஊரார் வயலுக்குக் கூலிக்குப் போகவேண்டியதுதான். முந்நூறு ரூபாய்க்கு மிசினின் சில்லுகூட வராது. அவள் தங்கள் வழக்கை நடத்திய பிரக்கிராசி யோகநாதனிடம் போனாள்.

“தீர்ப்பை மறுபடி யோசிக்கச் சொல்லிக் கேக்கலாம். ஆனால் உம்மட மனுசன் திரும்பவும் நல்ல சுகம் எண்டு சொன்னால் நான் என்ன செய்யிறது?”

“சொல்லுவார் ஐயா. எமன் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்லுவார். அவரைப் பற்றி அவரிட்டக் கேளாதேங்கோ. வீட்டில ஆர் என்ன வேலை செய்யிறது எண்டு கேளுங்கோ. அந்த மனுசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

மறு விசாரணைக்குப் போகும் வழியெல்லாம், பஸ்ஸுக்குள், “மூச்சு இளைக்குது எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்” என்று அவள் கெஞ்சினாள். “ஓம், ஓம்” என்றார் கனகலிங்கம்.

நீதிபதியும் விடவில்லை. “இப்போதாவது சொல்லும். எப்படி இருக்கிறீர்?”

“நல்ல சுகம் ஐயா. ஐயா சுகமா இருக்கிறியளோ?”

கோடே சிரித்தது. பத்மாசனி தலையில் கைவைத்துக்கொண்டாள். யோகநாதன் மெல்ல எழும்பினார்.

“உம்முடைய தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது யார்?”

“என்ர மனிசிதான் ஐயா. துலா மிதிக்கிறா.”

சிரிப்பு நின்றது. கிணற்றுக்கு மேலே ஆடும் துலா மரத்தில் ஏறி, முன்னும் பின்னும் நடந்து பொம்பிளை மிதிப்பதா?

“ஓம் ஐயா! ஆம்பிளையளுக்கே கால் நடுங்கிற துலா. பக்கத்து வளவு இராசமலர் கீழ நிண்டு வாளி பிடிக்க, இவ மேல நடக்கிறதைப் பாக்கோணும்!” கனகலிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. இனி அவரைக் கேள்வி கேட்கத் தேவையில்லை. “விறகு கொத்துறதும் அவதான். சந்தைக்கு என்னைச் சைக்கிளில இருத்தி, மிளகாய் மூட்டையோட சேத்துத் தள்ளிக்கொண்டு போறதும் அவதான். படுத்தா எனக்கு மூச்சு முட்டும். முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில குந்தியிருப்பா. ஒரு நாளும் முகம் சுழிச்சதில்லை. இப்பிடி ஒரு மனிசி இந்த வன்னியில ஆருக்கு ஐயா…”

வாய்த்திருக்கிறாள் என்று சொல்லி முடிக்க மூச்சுப் போதவில்லை. கூண்டின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருமினார். கொம்பனி அப்புக்காத்து எழும்பினார், யோசித்தார், திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இவர் சொல்லும் சுகம் எப்படிப்பட்டது என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது” என்று சொல்லி, முந்நூறை வெட்டி இரண்டாயிரத்து எண்ணூறு என்று எழுதினார்.

பத்மாசனிக்கு அந்தத் தொகை காதில் விழவேயில்லை. வேலைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வார் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். கலியாணம் முடித்துப் பதினெட்டு வருடத்தில், கறி நல்லாயிருக்கு என்றுகூடச் சொல்லாத மனுசன்! வெட்கம் ஒரு பக்கம், சந்தோசம் ஒரு பக்கம். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். யோகநாதன் வந்து எவ்வளவு என்று சொன்ன பிறகுதான் மிசின் ஞாபகம் வந்தது.

திரும்பும் பஸ் புளியங்குளம் தாண்டும் வரை அவள் பொறுத்திருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

“இஞ்சேருங்கோ, அங்க சொன்னதெல்லாம் மெய்தானோ?”

கனகலிங்கம் யன்னலுக்கு வெளியே காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

“சத்தியம் பண்ணிப்போட்டுத்தானே சொன்னனான்” என்றார்.