இரண்டாம் ஞானஸ்நானம்

"வாயைத் திறங்க பப்பா" என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள் ஜாக்குலின். கஸ்பார் திறக்கவில்லை. ஸ்பூனில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி இரண்டு நாளாகிறது. உடம்பில் எல்லாம் வற்றிப் போயும் அந்தப் பிடிவாதம் மட்டும் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

"ஃபாதர் வாராராமே?" என்றார்.

"பத்து மணிக்கு வரேன்னார்."

"வேண்டாமெண்டு சொல்லு."

கதவருகில் நின்ற மகன் ஜெரால்டுக்குப் பொறுக்கவில்லை. அந்தமான் தீவுகளுக்கிடையே ஓடும் அரசாங்கக் கப்பலில் வேலை பார்ப்பவன், லீவு சொல்லிவிட்டுப் போர்ட் பிளேரில், மின்னி பே வீட்டுக்கு ஓடி வந்திருந்தான்.

"அரே பப்பா, ஜித்து பண்ணாதீங்க, அடம் பிடிக்காதீங்க. இருபத்தெட்டு வருசமா பூசையில நன்மை அப்பம் வாங்கல. ஊரே பேசிச்சு. இப்பவுமா?"

உண்மைதான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார் கஸ்பார். ஆனால் உள்ளே வரமாட்டார். வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றே பூசை காண்பார். கேட்டால், "இங்கதான் காத்து வருது" என்பார். குடியை மறைக்கிறார் என்று சிலர் சொன்னார்கள். பழைய சாமியாரோடு சண்டை என்று பக்கத்து வீட்டுச் சுகுணா அடித்துச் சொன்னாள். மனைவி அமுதம் உயிரோடு இருந்தவரை அவளுக்குத்தான் காரணம் தெரிந்திருக்க வேண்டும். அவளும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

"நீ போய் ஃபாதருக்கு நாற்காலி எடுத்துப் போடு" என்று மகனை வெளியே அனுப்பினார் கஸ்பார். பிறகு மகளைப் பார்த்தார்.

"பிள்ள, நான் பெரிய பாவம் செய்து போட்டன். உனக்கு ரெண்டு தரம் ஞானஸ்நானம் குடுத்தன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. ஒன்பது வயதில், கைக்குழந்தைகளுக்கு நடுவே ஒட்டகம் மாதிரி வளர்ந்து நின்று, வெள்ளை கவுனோடு தலையைக் குனிந்தது நினைவிருந்தது. இத்தனை வருடம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்காமல் என்ன செய்தாய் என்று சாமியார் எல்லார் முன்னாலும் பப்பாவைத் திட்டினார். பப்பா தலையைக் குனிந்து நின்றார். அந்த வருடம்தான் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அதுவரை எந்தப் பள்ளிக்கூடமும் தாள் இல்லாத பிள்ளையை எடுக்கவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கை மன்னாரில், பேசாலையில் பிறந்தவள் அவள். சண்டைக்குப் பயந்து மூன்று வயதில் படகு. கொஞ்ச நாள் மண்டபம் அகதி முகாம். பிறகு யாரோ கான்ட்ராக்டரின் ஆட்களோடு கப்பலேறிப் போர்ட் பிளேர். எந்த ஊர் என்று கேட்டால் ராமநாதபுரம், தங்கச்சிமடம் என்று சொல்ல வேண்டும். 'ஆமாம்' என்பதற்கு வாய் தவறி 'ஓம்' என்றால் அமுதம் தலையில் குட்டுவாள். ஜெரால்ட் இங்கேயே பிறந்தவன், தங்கச்சிமடத்துக்காரர் மகன் என்று பிறப்புச் சான்று வாங்கி, வேலையும் வாங்கிவிட்டான். அவளுக்கு அந்த ஒரு ஞானஸ்நானத் தாள்தான். பிறந்த ஊர் போர்ட் பிளேர் என்று அதில்தான் இருக்கிறது. அதைக் காட்டிப் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத் தாளைக் காட்டி ரேஷன் கார்டில் பெயர். அதற்கு மேல் எதற்கும் மனுப் போட்டதில்லை. விசாரிக்க வந்தால்? கப்பல் டிக்கெட்டுக்கு அடையாள அட்டை கேட்பார்கள் என்று, இங்கே வந்த பிறகு மெயின்லேண்டைக் கண்ணால் பார்த்ததில்லை. முப்பத்தேழு வயதாகிறது, இதே ஊரில், டாலிகஞ்சில் ஒரு தையல் கடையில் உட்கார்ந்திருக்கிறாள்.

கத்தோலிக்க ஊரான பேசாலையில் பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்காமல் விடுவார்களா என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

"எட்டாம் நாளே குடுத்தாச்சு" என்றார் கஸ்பார். "அது ஒருக்காத்தான், பிள்ள. ரெண்டாம் தரம் குடுக்கிறது ஆண்டவரை ஏமாத்துறது. நான் தெரிஞ்சே செய்தன்."

"அத சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லி மன்னிப்பு வாங்கிருக்கலாமே, பப்பா."

"சொன்னா சாமியார் ரெஜிஸ்டர எடுத்து உன்ர பேர அடிச்சுப் போடுவார். பிறகு உனக்கு என்ன இருக்கு?"

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்துச் சாமியார் ரெஜிஸ்டரில் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. ஞாயிறு வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்த பாடம். பப்பா யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எப்படிக் கேட்பார்? கேட்பவனிடம் முதலில் உன் ஊர் எது என்றல்லவா கேட்பார்கள்! அந்த ஒரு பயத்தில் மனிதர் இருபத்தெட்டு வருடம் செருப்புகளுக்குக் காவல் நின்றிருக்கிறார்.

இவ்வளவு தெரிந்தும் அவளுக்கே பயம் வந்தது. சாமியார் பேசாமல் இருப்பார், சரி. மறதியாக, கோபத்தில், ஒருநாள் ஏதாவது செய்துவிட்டால்? உயிர் போகிற அப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு தன் தாளைப் பற்றி யோசிக்கிறோமே என்று அவமானமாக இருந்தது.

"சொல்லுங்க பப்பா. அவரால அடிக்க முடியாது. அடிச்சாலும் பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்."

கஸ்பார் அவள் முகத்தையே பார்த்தார். உண்மையைத்தான் சொல்கிறாளா என்று தேடினார் போல.

ஃபாதர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வயது நாற்பதுகூட இருக்காது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜாக்குலின் அடுப்படியில் நின்று, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். அரை மணி நேரம் ஆயிற்று. கதவு திறந்தபோது ஃபாதரின் கண்கள் சிவந்திருந்தன. அவளை நேராகப் பார்க்காமல், "ஒரு ஸ்பூன்ல தண்ணி கொண்டு வாங்க" என்றார்.

நன்மை நாக்கில் ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை. அவள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். காலையிலிருந்து கஞ்சிக்குத் திறக்காத வாய் குழந்தைபோலத் திறந்து திறந்து வாங்கியது.

"இன்னும் வேணுமா பப்பா?"

"ஓம்" என்றார்.

மத்தியானம் மூன்று மணிக்கு மூச்சு நின்றது.

மறுநாள் காலை பூசை. பெட்டியைத் தூக்கியவர்கள் வாசலில் நிற்கவில்லை, நேரே கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். "அண்ணன் இன்னைக்குத்தான் உள்ள வந்திருக்கார்" என்றாள் சுகுணா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அதுவரை இழுத்துப் பிடித்திருந்த ஜாக்குலின் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

அடக்கம் முடிந்து அக்காளும் தம்பியும் பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். ஃபாதர் அடக்கப் பதிவேட்டைத் திறந்து பெயர், வயது, இறந்த நாள் எழுதினார்.

"பிறந்த ஊர்?"

"தங்கச்சிமடம், ராமநாதபுரம் டிஸ்ட்ரிக்ட்" என்றான் ஜெரால்ட், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வதுபோல.

ஃபாதரின் பேனா தாளுக்கு மேல் அப்படியே நின்றது. அவர் முகத்தில் ஒன்றுமில்லை. தெரியும் என்று காட்ட அவருக்கு உரிமையில்லை என்பதும், எழுதக் கை வரவில்லை என்பதும் ஜாக்குலினுக்குப் புரிந்தது.

"பேசாலை, ஃபாதர். மன்னார்."

"தீதி!" ஜெரால்ட் அக்காளின் மணிக்கட்டைப் பிடித்தான். குரல் தாழ்ந்தது. "பாகல் ஆயிட்டியா, புத்தி கெட்டுப் போச்சா? என் வேலை என்ன ஆகும்? உனக்கு என்ன ஆகும்?"

"பப்பா ஏன் வெளிய நின்னார்னு ஊரே கேட்டிச்சுல்ல. எனக்கு ஒரு தாள் வாங்குறதுக்காகக் கோயில்ல பொய் எழுத வச்சார். அதுக்குத்தான் நின்னார். இப்ப அவரு போனப்புறமும் இன்னொரு பொய்யாடா? நீ வேணாம்னா எழுத வேணாம். உன் வேலையும்தான் இதுல இருக்கு. நீ சொல்லு."

ஜெரால்ட் மேஜையில் திறந்திருந்த பதிவேட்டைப் பார்த்தான். பிறகு அவள் கையை விட்டான்.

"எழுதுங்க ஃபாதர்" என்றான்.

ஃபாதர் எழுதினார். புத்தகத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். யாரும் அட்டை கேட்கவில்லை. ஜாக்குலின் கையெழுத்துப் போட்டு, உறவு என்ற கட்டத்தில் மகள் என்று எழுதினாள். எழுத்து சின்னப் பிள்ளை எழுதியது மாதிரி வந்தது.

வெளியே ஜெரால்ட் ஸ்கூட்டரை எடுத்துவிட்டு, கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"தீதி."

"ம்."

"பேசாலையில கடல் வீட்டுக்கு எந்தப் பக்கம்? முன்னாலயா, பின்னாலயா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். ஒன்றுமே வரவில்லை.

"தெரியலடா" என்றாள். "நேத்து கேட்டிருந்தா பப்பா சொல்லிருப்பார்."

அவன் வண்டியைக் கிளப்பினான்.