கரை சேர நாற்பது நிமிடம்

“நாங்களும் உங்க ஊரைப் பாத்ததே இல்லையே, கூட வரட்டுமா?” என்று நாத்தனார் கேட்டபோது, “அதுக்கென்ன அண்ணி, தாராளமா வாங்க” என்று அவள் சொல்லிவிட்டாள். தாராளம் எல்லாம் வாயில்தான். மனசுக்குள் அவள் போட்டு வைத்திருந்த கணக்கே வேறு.

அம்மாவைப் பார்த்துப் பதினோரு மாதம் ஆகிறது. இவளுக்குப் பல் செட் செய்யும் வேலை. நாள் முழுக்கக் குனிந்து, யாரோ ஒருவருடைய வாய்க்காக மெழுகைச் செதுக்கிக்கொண்டிருப்பாள். தன் வாயைத் திறக்க மட்டும் நேரம் வாய்க்காது. சாயங்காலம் ஃபோனில் அம்மா “சாப்ட்டியா, தூங்கினியா” என்பாள், இவள் “ம்” என்பாள், அத்தோடு சரி. மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்ததும் அவள் ஆசைப்பட்டது ஒரே ஒரு மணி நேரம். அம்மாவும் தானும் மட்டும், குறுக்கே யாரும் இல்லாமல். என்ன பேசப் போகிறாய் என்று கேட்டால் பதில் கிடையாது. விஷயம் இருந்தால்தான் பெற்றவளிடம் பேசலாம் என்று சட்டமா என்ன?

அந்த ஒரு மணி நேரம் லேசில் கிடைக்கிற சரக்கில்லை. அம்மா படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள். இருபத்தாறு வருஷமாக அதே கூண்டு, அதே கண்ணாடி, கை மட்டும் நுழைகிற அதே ஓட்டை. ஊருக்கெல்லாம் லீவு என்றால் அம்மாவுக்கு மட்டும் இரட்டை வேலை. நடுவில் ஞாயிறு ஒரு நாள்தான் லீவு வாங்கியிருந்தாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மூன்று நாளையும் விருந்தே விழுங்கிவிட்டால் மருந்துக்கு எங்கே போவது?

சனிக்கிழமை, வந்து இறங்கிய கையோடு ஊர் சுற்றல் ஆரம்பமாகிவிட்டது. நாத்தனாரின் கணவர் நில அளவையர். பணி ஓய்வு பெற்று ஆறு மாதமாகியும் கால் இன்னும் ஓய்வு பெறவில்லை. மணிக்கூண்டைக் காட்டினால் அதைச் சுற்றி நடந்து, “சுத்தளவு எழுபத்தி ரெண்டு அடிம்மா” என்றார். கடைத்தெருவைக் காட்டினால், “தெக்குப் பக்கம் நாலடி ஆக்கிரமிப்பு” என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அழகான ஒன்றைக் காட்டிவிட்டு அதன் அளவைக் கேட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது காட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் படகுச் சவாரி. வரிசையில் நின்று அவள் கண்ணாடி ஓட்டைக்குள் கையை நீட்டினாள். உள்ளே அம்மா டிக்கெட்டைக் கையில் வைத்து, விரல்களை ஒரு முறை அழுத்தினாள். “இளைச்சுட்டேடி.” அதற்குள் பின்னாலிருந்து, “சீக்கிரம்மா, படகு போயிடும்” என்று ஒரு குரல். அவள் நகர்ந்தாள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்றால் இதுதான்.

சரி, ஞாயிறு இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மா குடையும் தண்ணீர் பாட்டிலுமாகத் தயாராக நின்றாள். முகத்தில் பவுடர் வேறு.

அவள் அம்மாவைச் சமையலறைக்கு இழுத்தாள். “அம்மா, அவங்க போய்ட்டு வரட்டுமே. நாம ரெண்டு பேரும் கொஞ்சம் வீட்லயே...”

“சும்மா இருடி. உன் புகுந்த வீட்டு மனுஷங்க. ஒரு குறை சொல்ல விடுவேனா? நாளைக்கு அந்த வீட்ல இருக்கப் போறவ நீ.”

குன்றுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். எண்ணிச் சொன்னவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா நாத்தனாரோடு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். ஆறு, பழைய மில், பள்ளிக்கூடம் என்று கை காட்டிக் காட்டி வாய் ஓயவில்லை. நாத்தனார் ஒவ்வொன்றுக்கும், “அப்படியா அத்தை! ரொம்ப நல்லாருக்கு” என்று உருகினார். பின்னால் வந்த அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் முதுகு. முடி கழுத்தருகே முழுசாக நரைத்திருந்தது. செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. இதெல்லாம் எப்போது நடந்தது? யாரைக் கேட்பது? இறங்கி வந்ததும் அருவி, அப்புறம் பூங்கா. வீடு திரும்பியபோது அம்மாவுக்குப் பேசத் தெம்பில்லை. விருந்தாளிகளுக்குப் படுக்கையை விட்டுக் கொடுத்துவிட்டுச் சமையலறையில் சுருண்டவள், தலை சாய்த்ததும் தூங்கிப்போனாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிப் படகில் ஊர் திரும்ப வேண்டும். அக்கரையில் ரயில். அம்மா விடிந்ததுமே எல்லோரோடும் ரெண்டு இட்லியை வாயில் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டாள். ஓட்டை வழியாக மூன்று டிக்கெட் வந்தது. “போய்ச் சேந்ததும் ஃபோன் பண்ணு” என்ற குரலும் வந்தது. அவ்வளவுதான், மூன்று நாள் முடிந்தது.

நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“கால் வலிக்குதா அண்ணி?”

“இன்னிக்கா வலிக்குது? வர்றதுக்கு முன்னாடியே இந்த முட்டி மக்கர்தான்.”

“அப்புறம் ஏன் அத்தனை படி ஏறினீங்க? சொல்லியிருக்கலாமே!”

“எப்படிச் சொல்றது? உங்கம்மா லீவு போட்டு ஆசை ஆசையா கூட்டிட்டுப் போறாங்க. அவங்க முகம் வாடிடக் கூடாதேன்னு ஏறினேன். உங்க வீட்டு ஜன்னலோரமா உக்காந்து ரெண்டு டீ குடிச்சா எனக்குப் போதும்மா. அதுக்குத்தான் வந்தேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாத்தனாருக்காக அம்மா ஏறினாள், அம்மாவுக்காக நாத்தனார் ஏறினார், இரண்டு பேருக்காகவும் அவள் ஏறினாள். ஆக யாருக்குமே வேண்டாத குன்று. சிரித்துக்கொண்டே இருந்தவள், எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. “எனக்கு அம்மா கூட ஒரு மணி நேரம் இருக்கணும்னு இருந்துச்சு அண்ணி. அவ்ளோதான்.”

நாத்தனார் முட்டியை ஊன்றி எழுந்து, வரிசையைத் தாண்டிப் போய், ஓட்டைக்குள் குனிந்தார். “அத்தை, இன்னொரு டிக்கெட் குடுங்க.”

“யாருக்கு?”

“உங்களுக்கு.”

இருபத்தாறு வருஷத்தில் ஊருக்கே டிக்கெட் கொடுத்தவளுக்கு, ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் யாரும் இல்லை. அம்மா தடுமாறினாள். பக்கத்துக் கூண்டுக்காரர், “போய்ட்டு இதே படகுல திரும்பி வாங்கக்கா, நான் பாத்துக்கறேன்” என்றார்.

படகில் ஏறியதும் நாத்தனார் கணவரின் கையைப் பிடித்தார். “வாங்க, மேல் தட்டுல நின்னு ஆத்தோட அகலத்தை அளக்கலாம்.” அந்த முட்டியோடு இன்னொரு ஏணி ஏறினார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்கரைக்கு நாற்பது நிமிடம்.

“ம், சொல்லு” என்றாள் அம்மா.

“நீ சொல்லு.”

“நேத்து தனியாப் பேச இழுத்தது நீதானே.”

எங்கிருந்து ஆரம்பிப்பது? “சாப்ட்டியாம்மா?” என்றாள்.

“உன் கூடத்தானேடி சாப்ட்டேன்!”

இருவரும் சிரித்தார்கள். அம்மாவின் காக்கிக் கோட்டில் டிக்கெட் மை வாசனை அடித்தது. அவள் அந்தத் தோளில் தலையைச் சாய்த்தாள். எஞ்சின் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது.

சங்கு ஊதும் சத்தத்தில்தான் கண் விழித்தாள். கரை வந்திருந்தது.

“ஐயோ, ஏம்மா எழுப்பல? முழுக்கத் தூங்கிட்டேனே!”

“எழுப்பி என்ன பண்ண? பதினோரு மாசமா தினம் ஃபோன்ல ‘தூங்கினியா’ன்னு கேக்கறேன். இன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன்” என்றாள் அம்மா. மரத்துப்போன தோளை மெல்ல உருட்டிவிட்டுக்கொண்டாள். “எறங்கு, ரயிலுக்கு நேரமாச்சு.”

அம்மா இறங்கவில்லை. அதே படகு அவளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிற்று. ஆள் சின்னதாகிச் சின்னதாகிக் காக்கிப் பொட்டாகும் வரை அவள் கரையில் நின்றாள். எவ்வளவு தூரம் என்று யாரும் அளந்து சொல்லவில்லை.

ரயிலில் உட்கார்ந்ததும் நாத்தனார் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். “கன்னத்துல வட்டமா என்னமோ பதிஞ்சிருக்கே?”

தொட்டுப் பார்த்தாள். அம்மாவின் கோட்டுத் தோளில் இருந்த பொத்தான். அதன் நாலு துளைகூட விரலுக்குத் தட்டுப்பட்டது.

“தேச்சு விடும்மா, போயிடும்.”

“இருக்கட்டும் அண்ணி” என்றாள். ரயில் கிளம்பி வெகுநேரம் வரை அந்தக் கன்னத்தை ஜன்னல் காற்றுக்குக்கூடக் காட்டவில்லை.