கண்ணாடிப் பெட்டியில் மாமன் சீர்

மேலமாசி வீதியில் கடை வைத்த நாளிலிருந்து உக்கிரபாண்டிக்கு ஒரே ஒரு மனக்குறைதான். மதுரைக்காரனுக்குப் பொருள் வாங்கத் தெரியும், சேர்த்து வாங்கத் தெரியாது. ரிப்பனை ஒரு கடையில் வாங்குவான், வளையலைப் புதுமண்டபத்தில் வாங்குவான், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ரிப்பன் ஒரு பச்சை, வளையல் ஒரு பச்சை, ரவிக்கை மூன்றாவது பச்சை. இதை நினைத்து மதுரைக்காரன் எவனும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து உக்கிரபாண்டி ஒருவனே வருத்தப்பட்டான்.

யுத்தத்துக்கு முந்தின வருஷம் சரக்கெடுக்கச் சென்னைக்குப் போனவன், ஒரு துரைமார் கடை வாசலில் கெட்டுப்போனான். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் கழுத்துப்பட்டி, கைக்குட்டை, கால்மேஜோடு மூன்றும் ஒரே சிவப்பில். வாசல் கூர்க்கா விரட்டும்வரை நின்று பார்த்துவிட்டு, எடுக்க வேண்டிய சரக்கில் பாதியை மறந்துவிட்டு ஊர் திரும்பினான். ரயிலிலேயே தன் பெட்டிக்குப் பெயரும் வைத்தாயிற்று: மாமன் செட்.

பெயரில் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் சொந்த மகனுக்குச் சட்டை எடுக்கப் பத்துத் தடவை யோசிக்கிறவன்கூட, அக்கா மகளுக்குச் சீர் என்றால் யோசிக்க மாட்டான். சட்டையை வீட்டில் இருப்பவர்கள்தான் பார்ப்பார்கள். சீரை ஊரே பார்க்கும். ஆகவே ரிப்பன், குஞ்சலம், கைக்குட்டை, கண்ணாடி வளையல், ரவிக்கைத்துணி ஐந்தும் மயில்கழுத்து நிறத்தில், ஒரே பெட்டியில். மாமன்மார் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போகலாம்.

ரிப்பன் ஜப்பானிலிருந்து வந்தது, வளையல் வடக்கேயிருந்து வந்தது. இரண்டும் தங்கள் நிறத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக இல்லை. செல்லூரில் நெய்த ரவிக்கைத்துணியைத்தான் திரும்பத் திரும்பச் சாயத்தில் முக்க வேண்டியிருந்தது. கடைக்குள் பார்த்தால் ஒத்துப்போகும். வெயிலில் பிடித்தால் கைவிட்டுவிடும். கடைசியில் சாயம் முக்கிய செல்லூர்க்காரர் சலித்துப்போய், "அண்ணே, வாங்குறவுகளை வெயில்ல நடமாட வேணாம்னு சொல்லிருங்க" என்றார். உக்கிரபாண்டி அதையும் கொஞ்ச நேரம் யோசித்தான்.

பெட்டிக்கு மட்டும் கவலையே இல்லை. கோரிப்பாளையத்துச் சேக் இஸ்மாயில் பாய் இருந்தார். அத்தர் புட்டிக்கும் தொப்பிக்கும் பெட்டி செய்து பேர் வாங்கியவர். அவர் செய்த பெட்டியை, உள்ளே இருந்த அத்தர் தீர்ந்த பிறகும் யாரும் தூக்கி எறிய மாட்டார்கள். இந்தச் சங்கதி அவருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் அவரிடம் இருந்த ஒரே சிக்கல்.

"பெட்டின்னா பொருள மூடி வைக்கிறதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காய்ங்க மாப்ள. அதுக்கு மண்ணெண்ண டின்னு போதாதா? பெட்டின்னா பொருளக் காட்டணும். பாத்தவன் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது."

"அதத்தான் பாய் நானும் சொல்றேன்."

"நீ சொல்ல வேணாம். ரிப்பனைக் குடுத்துட்டுப் போ."

பாய் இரண்டு விதமாகச் செய்தார். விற்பனைக்கு உள்ளது அடக்கமான பெட்டி. அட்டையில் கீறல் போட்டு ஒவ்வொரு பொருளையும் அதில் செருகியிருந்தார்; மூடியைத் திறந்தால் கையோடு எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, கடை முகப்பில் நிறுத்தி வைப்பதற்கு மட்டும். அது இரண்டு முழ உயரக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே மயில். ரிப்பனை மடித்து மடித்து விரித்த தோகை, தோகைக்குள் கண் கண்ணாக வளையல்கள், ரவிக்கைத்துணியில் உடம்பு, குஞ்சலத்தில் கழுத்து, கைக்குட்டையில் கொண்டை. மயில் நம்மை நேருக்கு நேர் பார்த்தது. வெக்கையில் தொய்ந்து விழாமல் இருக்க, ஒவ்வொரு மடிப்பையும் வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டியிருந்தார் பாய். புத்தகம் தைக்கிறவர்கள் முதுகு ஒட்டுகிற பசை அது; காய்ந்தால் கல்.

கடையில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியதும் தெருவே நின்றது. எல்லாரும் மயிலைக் கேட்டார்கள். அது விற்பனைக்கு இல்லை என்றதும் அடக்கமான பெட்டியை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல மயிலு இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்த நேரத்தில்தான் நல்லகாமன் கடைக்கு வந்தார். உக்கிரபாண்டியின் அக்கா மாயக்காளின் புருஷன். நாகமலைப் பக்கத்திலிருந்து வெற்றிலை பாக்கோடு வந்திருந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்பா செத்தபின் தன் பங்கு நிலத்தைக் கிணற்றோடு வெளியாளுக்கு விற்றுத்தான் உக்கிரபாண்டி இந்தக் கடையைப் போட்டான். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே கிணற்றை நம்பித்தான் அக்காவின் வயலும் இருந்தது. அன்றைக்கு மூடிய வாயை மாயக்காள் அவனிடம் திறக்கவே இல்லை. ஊரில் எதிரே வந்தாலும் பக்கத்தில் நிற்கும் ஆட்டிடமோ மாட்டிடமோதான் பேசுவாள். அவனைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால் "கடைக்காரர்" என்பாள். அவ்வளவு மரியாதை அவனுக்கு வேறு யாரிடமும் கிடைத்ததில்லை. அவ்வளவு வலித்ததும் இல்லை. தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

"பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம் மாப்ள" என்றார் நல்லகாமன். "கல்யாணமாகிப் பத்து வருஷம் கழிச்சுப் பொறந்த புள்ள. தாய்மாமன் மடி இல்லாமக் குத்த முடியுமா?"

"அக்கா சொல்லுச்சா மாமா?"

நல்லகாமன் பொய் சொல்லத் தெரியாத மனிதர். வெற்றிலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். "கடைக்காரருக்குச் சொல்லி விட்டுட்டு வாங்கன்னுச்சு."

அவர் போன பிறகு உக்கிரபாண்டி வெகுநேரம் மயிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊர் பார்க்காத சீர் கொண்டுபோக வேண்டும். அதைப் பார்த்து அக்கா ஒரு வார்த்தை பேச வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அது மட்டும் நடந்துவிட்டால் போதும் என்று உண்மையாகவே நினைத்தான். கூடவே, நாலு ஊர் சனம் கூடுகிற இடத்தில் மாமன் செட்டைக் காட்டினால் வியாபாரத்துக்கும் நல்லது என்று நினைத்தான். இதுவும் உண்மைதான். கடை வைத்தவன் மனசு, என்ன செய்ய?

மயிலை வண்டியில் ஏற்றிக் கோரிப்பாளையத்துக்குக் கொண்டுபோனான். கையில் அக்கா மகளுக்காகச் செய்த சிவப்புக் கல் தோடு.

"பாய், சீருக்கு இதையே கொண்டுபோறேன். கண்ணு ரெண்டும் வெறும் மையா இருக்கு. இந்தத் தோட்டைக் கண்ணா வச்சுக் குடுங்க."

பாய் தோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மாப்ள, இது நிக்கிறதுக்குச் செஞ்சது. கழட்டுறதுக்குச் செஞ்சதில்ல."

"கண்ணாடியத் தெறந்தா வந்துராதா?"

பாய் இந்த இடத்தில், "வராது" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சிவப்புக் கல்லை மயிலின் முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டார். மயிலுக்கு உயிர் வந்துவிட்டது. நாலு ஊர் சனம் அதை அண்ணாந்து பார்க்கப் போகிறது. "மாஷா அல்லா" என்று மட்டும் சொன்னார். வஜ்ஜிரத்தை அடுப்பில் வைத்தார்.

காதுகுத்து அன்று மலையடிவாரக் கோயிலில் மேளத்தோடு சீர் இறங்கியது. பழத்தட்டு, தேங்காய்த்தட்டு, பாவாடைத்தட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் உக்கிரபாண்டியின் தலையில் மயில். வெயில் பட்டதும் கண்ணாடி மின்னியது. உள்ளே ரிப்பன் ஒரு நீலமும் துணி ஒரு நீலமுமாகத் தெரிந்ததை யாரும் கவனிக்கவில்லை. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். உக்கிரபாண்டி யாரையும் பார்க்கவில்லை, அக்காவை மட்டும் பார்த்தான். மாயக்காளும் பெட்டியைப் பார்த்தாள். அவள் உதடு லேசாக அசைந்ததுபோல இருந்தது. பிறகு பக்கத்திலிருந்த புருஷனிடம், "கடைக்காரரை மணையில உக்காரச் சொல்லுங்க" என்றாள்.

குழந்தை செல்லத்தாய் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிப் பளபளவென்று வந்து மாமன் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி கையை நீட்டினார்.

"மாமன் தோட்டைக் குடுங்க."

உக்கிரபாண்டி கண்ணாடியைத் திறந்தான். மயிலின் வலது கண்ணைப் பிடித்து இழுத்தான். மயில் தலையை ஆட்டியதே தவிர, கண்ணைக் கொடுக்கவில்லை. இடது கண்ணை இழுத்தான். அதுவும் அப்படியே. நகத்தால் சுரண்டினான், நகம் உடைந்தது. ஆசாரி குறட்டால் முயன்று பார்த்துவிட்டு, "இதுக்கு மேல இறுக்குனா கல்லு தெறிச்சுரும்" என்று கையை எடுத்துக்கொண்டார்.

"நல்ல நேரம் முடியப் போகுதப்பா" என்றார் ஒரு பெரியவர். "வேற தோடு இருந்தாப் போட்டுக் குத்திருவோமே" என்றார் இன்னொருவர். மாமன் தோடு மயிலிடம் இருக்க, வேறு தோடு போட்டுக் குத்துவதா? அப்படியானால் மாமன் எதற்கு? எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மடியிலிருந்த குழந்தை, "மயிலு எனக்கு, அழிக்காத" என்று அழத் தொடங்கியது. அவ்வளவுதான், போச்சு, இனி இந்த ஜென்மத்தில் அக்கா பேச மாட்டாள் என்று உக்கிரபாண்டி முடிவு செய்துவிட்டான்.

மாயக்காள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மயிலைக் கழுத்தோடு பிடித்துப் பெட்டியிலிருந்து பிடுங்கினாள். பின்பக்க அட்டையும் சேர்ந்து வந்தது. நேரே சமையல் பக்கம் போனாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"ஆத்தா, சோத்து உலை அது, இன்னும் அரிசி போடல" என்று பதறினார் சமையல்காரர்.

அவள் ஒரு சட்டி நிறையக் கொதிதண்ணீரை மொண்டு, மயிலின் தலையை அதில் முக்கிப் பிடித்தாள். தண்ணீர் நீலமாயிற்று. கொண்டை அவிழ்ந்து கைக்குட்டையாயிற்று. குஞ்சலம் தனியாக மிதந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு தோடும் சட்டியின் அடியில் கிடந்தன. அகப்பையால் அள்ளி முந்தானையில் துடைத்து ஆசாரி கையில் வைத்தாள்.

ஆசாரி நேரத்தை வீணாக்கவில்லை. குழந்தை ஒரு காதுக்கு ஒரு முறை, இன்னொரு காதுக்கு இன்னொரு முறை, மயிலுக்குத் தனியாக ஒரு முறை என்று அலறித் தீர்த்தது. மேளம் நின்றது. அப்போதுதான் மாயக்காள் தம்பிக்கு எதிரே வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். பக்கத்தில் புருஷன் இருந்தார், ஆடு இருந்தது. இருவரையும் அவள் பார்க்கவில்லை.

"ஏண்டா உக்கிரா," என்றாள். "ஒனக்கு அறிவு இருக்காடா?"

உக்கிரபாண்டி நிமிர்ந்தான்.

"காதுல போடுற தோட்டைக் கொண்டுபோயி மயிலுக்குக் கண்ணு வப்பியா? பிசின் போட்டு ஒட்டுவியா? சரி, தோடுதான் அப்பிடி. இம்புட்டு ரிப்பன் கொண்டாந்திருக்கியே, குஞ்சலம் கொண்டாந்திருக்கியே, மொட்டத் தலையில எங்கடா கட்டுறது? காதுகுத்துக்கு மொட்ட போடுவாகன்னு தெரியாதாடா ஒனக்கு? ஒனக்கே நாந்தானடா மடியில வச்சு மொட்ட போட்டேன்!"

கூட்டம் சிரித்தது. ஐந்து பொருளுக்கும் நிறம் தேடி அலைந்தவன், பாய், செல்லூர்க்காரர், மயிலைப் பார்க்கத் தெருவில் நின்ற மதுரைக்காரர்கள், இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றாத விஷயம் அது. உக்கிரபாண்டிக்கு அவமானமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவன் முகம் அவன் பேச்சைக் கேட்கவில்லை. வாய் காதுவரை போயிருந்தது, கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"சிரிக்கிறதைப் பாரு. எந்திரிடா. வந்து சோத்தைத் தின்னு."

பந்தியில் அவன் இலைக்கு முன்னால் நின்று, கையில் சோற்றுவாளியோடு, மாயக்காள் தொடர்ந்து திட்டினாள். மயிலில் தொடங்கிக் கடைக்குப் போனாள், கடையிலிருந்து கிணற்றுக்கு வந்தாள். கிணறு வந்தபோது அவள் குரல் உடைந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?" என்றாள். உக்கிரபாண்டி தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லலக்கா. தப்புத்தான்" என்றான். அதற்கும் திட்டு விழுந்தது.

பக்கத்து இலையில் இருந்த ஒரு மாமன்காரர் ஆசையோடு சாய்ந்தார். "தம்பி, அந்த மயிலுப் பெட்டி ஒண்ணு நம்ம தங்கச்சி மகளுக்கும் வேணும். தோடெல்லாம் வேணாம். சொவத்துல மாட்டி வச்சா, மாமன் சீர் செஞ்சது எந்நாளும் தெரியும்ல? எம்புட்டு ஆகும்?" எதிர் இலையில் இருந்தவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார்.

அவன் கடை தொடங்கிய நாளிலிருந்து காத்திருந்த கேள்வி அது. உக்கிரபாண்டி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"பொறுங்கண்ணே, அக்கா பேசிக்கிட்டு இருக்கு" என்றான்.

வயிறு எப்போதோ நிறைந்துவிட்டது. அவள் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினாள். எங்கே முடித்துவிடுவாளோ என்று பயந்து, இலையை முன்னால் தள்ளி, "இன்னுங் கொஞ்சம் போடுக்கா" என்றான்.