குளிமுறியில் ஓர் அடுப்பு

திருவல்லத்தில் ஐந்து சென்ட் நிலத்தில் வீடு கட்டத் தொடங்கியபோது ஐனோ ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பலகை அடித்த ஒரு சின்ன அறை, அதில் இரும்பு அடுப்பு, அடுப்பின் மேல் கற்கள். கல் காய்ந்ததும் தண்ணீர் ஊற்றி, எழும் ஆவியில் உட்கார்ந்து வியர்க்க வேண்டும். அவள் பிறந்த பின்லாந்தில் பல பேர் வீடு கட்டுவதற்கு முன்பே அதைத்தான் கட்டுவார்கள்.

நிலம் கணவன் ஹரிகுமாரின் பெயரில் இருந்தது. வெளிநாட்டுக்காரியின் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்கப் போனபோது காகிதங்கள் நீண்டுகொண்டே போயின, விட்டுவிட்டாள். ஹரிகுமாருக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை. பகலில் ஃபோனைக்கூட எடுக்க முடியாது. அதனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மாமியார் பகவதியம்மாள்தான் துணை. ஐனோ பேசும் தமிழும் மாமியாரிடம் கற்றதுதான்.

கட்டட அனுமதி தரும் அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்த ஓவர்சியர் அந்த அறையில் விரலை வைத்தார்.

"இது எந்தா, ரெண்டாவது அடுக்களையா? அப்போ ரெண்டு குடும்பத்துக்கான வீடுன்னு ஆகுமே."

"அடுக்களை இல்ல சாரே, குளிமுறி," என்றாள் ஐனோ.

"குளிமுறியில அடுப்பு எதுக்கு?"

"வெந்நிக்கு," என்றாள் பகவதியம்மாள், யோசிக்காமல்.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் ஐனோ நின்றுவிட்டாள்.

"அத்தே, நாம பொய் சொல்லிட்டமா?"

"அடுப்பு மேல கல்லு, கல்லு மேல தண்ணி. தண்ணி சுடுமா, சுடாதா?"

"சுடும்."

"பொறவு என்ன? நட மக்ளே, பஸ்ஸு போயிரும்."

மேஸ்திரி சத்தியதாஸுக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை. "இந்த ஊருல வேர்க்கதுக்கு ஒரு முறியா சேச்சி? வெளிய நின்னா போராதா?" என்று கேட்டுக்கொண்டே கட்டினார். கருங்கல் வேண்டும் என்று ஐனோ சொல்லியிருந்தாள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அவர் ஆற்றிலிருந்து வழவழப்பான கூழாங்கற்களைக் கொண்டுவந்து அடுக்கினார். முதல் நெருப்பு மூட்டிய அரை மணியில், உள்ளே ஆற்று ஈரம் தங்கியிருந்த ஒரு கல் வெடித்தது, அடுத்து இன்னொன்று. வேலையாட்கள் மூவர் கதவு வைக்காத நிலை வழியாகப் பாய்ந்து ஓடினார்கள். யாருக்கும் அடியில்லை. ஆனால் ஐனோ மணல் குவியலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். இந்த ஊரில் தான் சொல்வது யாருக்கும் போய்ச் சேராது என்று தோன்றியது.

சத்தியதாஸ் அன்று வெடித்த கற்களைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் ஒரு சாக்கு கருங்கல்லோடு வந்தார். முற்றத்தில் தீ வளர்த்து, ஒவ்வொரு கல்லையும் பழுக்கக் காய்ச்சி வாளித் தண்ணீரில் போட்டார். விரிசல் விட்டதைத் தூக்கி எறிந்தார். தாங்கியதை மட்டும் தன் கையால் அடுக்கினார்.

"இனி ஊத்துங்க சேச்சி. இதுக்கு நான் பொறுப்பு."

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டது. மாடி கான்கிரீட் பாதியில் நின்றது. தார்ப்பாய் கட்டி இறங்கிய ஆட்கள் தொப்பலாக நனைந்து நடுங்கினார்கள். ஐனோ அடுப்பை மூட்டி, கதவைத் திறந்து, "வாங்க," என்றாள். முதலில் யாரும் அசையவில்லை. சத்தியதாஸ் தலையைக் குனிந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராக நுழைந்தார்கள்.

சாயங்காலம் ஹரிகுமார் வந்தபோது ஆட்கள் பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் முகமும் சிவந்திருந்தது.

"அம்மை எங்க?"

ஐனோ அறையைக் காட்டினாள். அவன் கதவில் கை வைத்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "லேய் ஹரி, தொறக்காத. ஆவி போயிரும். அவள மட்டும் உள்ள விடு."

ஐனோ சிரித்துக்கொண்டே நுழைந்து கதவைச் சாத்தினாள். கல்லில் தண்ணீர் விழும் சத்தமும் இரண்டு பெண்களின் சிரிப்பும் கேட்டன.

"இங்க இரிக்கணும் சாரே," என்று சத்தியதாஸ் பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டார். "அவங்க இப்போ வரமாட்டாங்க."