வெறுந்தொட்டிக்கு எரித்த விறகு

1

இந்தக் கதை எனக்கு ஒரு வசவிலிருந்து கிடைத்தது. எங்கள் பட்டறையில் பட்டுக்கூடு அவித்து இழை எடுக்கும் கெம்பம்மா, ஓசூர்ச் சந்தையில் நாலு பேர் நடுவில் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"உங்க ஊட்டுப் பொகைய மூணு வாரமா தின்னு பாத்துட்டோம் சாமி. வயிறு ரொம்பல."

பக்கத்தில் கத்தரிக்காய் விற்றவள் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். தெரியாதவன்போல நடந்தேன்.

இதை நான் எழுதக்கூடாது. எங்கள் வீட்டு விஷயம் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. ஆகவே கதை என்று பெயர் வைத்து எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 1957ஆம் ஆண்டின் விஷக் காய்ச்சல் உலகத்தையே சுற்றிவிட்டு ஓசூரையும் தொட்டபோது, பெருந்தன்மை மிக்க வெங்கடப்பன்—

வேண்டாம். வெங்கடப்பன் என் தம்பி. பட்டறை அவன் பேரில் இருக்கிறது. ['பெருந்தன்மை'யை மை காய்வதற்குள் அடித்துவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம், கொஞ்சம் நேராக: ஆட்கள் எல்லோரும் காய்ச்சலில் படுத்தார்கள். பெங்களூர் வியாபாரிகள் வரவில்லை. பட்டறை நின்றது. அப்படி நின்ற பட்டறைகளுக்குச் சர்க்கார் உதவி அறிவித்தது. கூலியாட்களுக்கு அரிசி, முதலாளிக்கு மறுபடி கூடு வாங்கக் கடன். தாலுகா கச்சேரி வாசலில் அதிகாரி பெயர் கூப்பிடும்போது, முதலாளி எழுந்து நின்று, எல்லார் முன்பும், "என் பட்டறை மூடிக் கிடக்கிறது" என்று வாயால் சொல்லவேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

(வெளியூர் வாசகருக்கு: எங்கள் வீட்டு வழக்கப்படி, முதலாளி செத்தால்தான் பட்டறை அடுப்பை அணைப்போம். மூடிவிட்டோம் என்று ஊர் நடுவில் சொல்வது, உயிரோடிருப்பவன் தன் சாவைத் தானே அறிவிப்பது போல.)

தம்பி சொல்லவில்லை. தினமும் விடிந்ததும் அவனே புளிய விறகு வைத்து எரித்தான். கூடு அவிக்கும் தொட்டியில் தண்ணீர் கொதித்தது. உள்ளே ஒரு கூடும் இல்லை. விசாரிக்க வந்த அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார், பட்டறை நடக்கிறது என்று முடிவு செய்துகொண்டு போய்விட்டார். எங்கள் ஆட்களுக்கு அரிசி இல்லை.

3

கெம்பம்மாவை எழுதுவது எனக்குக் கைவரவில்லை. முதலில் அவளை அழவைத்தேன். அவள் அழுகிறவள் அல்ல. வாசலுக்கு வந்து, எட்டவே நின்று, தம்பியிடம் இப்படித்தான் பேசினாள்:

"சின்ன சாமி, அடுப்புல என்ன வேகுது?"

"உடம்பு தேறுனதும் வா கெம்பி. வேலை இருக்கு."

"இருக்குதா? அப்ப கூலி குடுங்க."

தம்பி இன்னொரு விறகை அடுப்பில் தள்ளினான்.

"கூலியும் இல்ல, அரிசியும் உட மாட்டேங்கறீங்க. எங்க ஊட்டுக்காரரு காய்ச்ச விட்டும் எந்திரிக்கத் தெம்பில்லாம கெடக்கறாரு. கேவுரு மாவு நேத்தோட காலி. மூடிட்டோம்னு ஒரு வார்த்த சொன்னா வாய் சுட்டுடுமா?"

"சர்க்கார்கிட்ட கையேந்தற குடும்பம் இல்ல இது."

"ஏந்தப் போறது எங்க கை சாமி. உங்க கைய மடிச்சே வெச்சுக்கங்க."

[இந்த இடத்தில் தம்பிக்கு ஒரு நல்ல பதில் எழுதப் பார்த்தேன். தாள்தான் வீணாயிற்று.]

4

முடிவுகள் சில வைத்திருக்கிறேன். ஒன்றில் தம்பி மனம் மாறி, கச்சேரிக்கு நிமிர்ந்து நடந்துபோய்— எழுதும்போதே எனக்கு இனித்தது. அதனால் சந்தேகப்பட்டு நிறுத்தினேன்.

இன்னொன்றில் கெம்பம்மா ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் கொட்டுகிறாள். செய்யக்கூடியவள்தான். ஆனால் எங்கள் வெட்கத்தை முடித்துவைக்கும் வேலையையும் அவள் தலையிலேயே கட்டுவதா?

மற்றொன்று கெம்பம்மாவின் புருஷன் ஆஞ்சப்பனைப் பற்றியது. இரண்டு வரி எழுதிவிட்டுக் கிழித்தேன். அவர் உயிரோடிருக்கிறார். கதை சோபிக்க வேண்டும் என்று ஆளைக் கொல்ல நான் யார்?

5

எழுதியவரை தம்பியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தான்.

"எல்லாம் சரிண்ணா. பட்டறை பேர மட்டும் எங்கயும் போட்டுடாத."

"போடலயே."

"அதான் பாத்தேன். நீயும் நம்ம ஊட்டு ஆளுதான்."

பாராட்டாகத்தான் சொன்னான். எனக்குக் காது சுட்டது.

அதிகாரி வரும் திங்கட்கிழமை கடைசியாகக் கச்சேரி வாசலில் பெயர் கூப்பிட வருகிறார். அன்றோடு அரிசிக்குப் பெயர் எழுதுவது நின்றுவிடும். வீட்டுக்கு மூத்தவன் சொன்னாலும் ஏற்பார்களாம். கச்சேரிக் குமாஸ்தாவிடம் விசாரித்துவிட்டேன். ஆகவே இப்போதே பேனாவால் பழகிக்கொள்கிறேன்:

காய்ச்சலின் காரணமாக எங்கள் பட்டறை தற்காலிகமாக—

எங்கள் பட்டறை மூடி—

எங்கள்—

தனியாக உட்கார்ந்து எழுதும்போதே வரவில்லை. வாசகரே, நீங்கள் எங்கள் வீட்டில் பிறந்தவர் இல்லை. திங்கட்கிழமை பெயர் கூப்பிடும்போது எங்கள் இருவரில் ஒருவரும் எழாவிட்டால், இந்த வரியை நீங்கள் முடித்துவிடுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். கெம்பம்மா கூட்டத்தின் கடைசியில் நிற்பாள்.