ஐந்தாம் நம்பர் மெஷினில் சுற்றிய துணி

"அத்தான், இந்தப் பிளக்குக்கு ஒரு காலைக் காணோமே!"

மச்சினி கேட்டபோது அவர் ஈரத்துணியால் பெட்டியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய சாமான் கடையிலிருந்து தூக்கி வந்த ஆஸிலோஸ்கோப் அது. தூக்கிய தோள் இரண்டு நாளாக வலித்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கட்டம் போட்ட ஒரு கண்ணாடி, பக்கத்தில் வரிசை வரிசையாகத் திருகுகள். மின்சாரம் எப்படித் துடிக்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் கருவி என்பது மட்டும் அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தையல் மெஷின் மெக்கானிக். பல்சக்கரம், பெல்ட், ஊசி எதற்கு என்ன நோய் என்று காதால் கேட்டே சொல்லிவிடுவார். ஆனால் தையல் கூடத்துக்குப் புதிதாக வந்த மெஷின்களின் வயிற்றில் ஒரு சின்னப் பச்சை எலக்ட்ரானிக் பலகை இருந்தது. அது கெட்டால் சத்தமே போடுவதில்லை. "மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். உங்களால முடியலன்னா வேற ஆளத்தான் வைக்கணும்" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். வீட்டில் அடுப்பு எரிவதே அந்தக் கூடத்து வேலையால்தான். அந்தப் பலகையின் நோயைப் பார்க்கக் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் பெட்டியை வாங்கினார்.

பெட்டியைப் பார்த்ததும் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தன் தங்கை வந்து பார்க்காமல் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. மூத்த மாப்பிள்ளை என்ற மிடுக்கை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவரும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார்.

"ரெண்டு கால் போதாதா? கடைக்காரர் போட்டுக் காட்டினாரே, நல்லாத்தான் எரிஞ்சுது."

"எரியும் அத்தான். அது எரியறது வேற, தொட்டவங்கள விட்டு வைக்கிறது வேற." அவள் பிளக்கைக் கழற்றினாள். உள்ளே எர்த்துக்கான பச்சை வயரை ஒட்ட நறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். "அக்கா, உன் வீட்டுக்காரருக்கு ஆயுசு கெட்டி."

"என்னடி சொல்ற!" என்று மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

மச்சினி மீட்டரை எடுத்து, ஒரு முனையை ஆஸிலோஸ்கோப்பின் வயர் நுனியில் தொங்கிய கிளிப்பிலும் மறுமுனையைப் பெட்டியின் திருகாணியிலும் வைத்தாள். பீப் என்றது. "கேட்டீங்களா? இந்தக் கிளிப்பும் பெட்டியோட உடம்பும் ஒண்ணு. தெரியாம இதக் கரண்ட் ஓடுற இடத்துல மாட்டினா, எர்த் இருந்தா ஃபியூஸ் போயிடும். அடிக்கடி போகுதேன்னு யாரோ ஒரு புத்திசாலி எர்த்தையே வெட்டிட்டாரு. இப்ப ஃபியூஸ் போகாது."

"நல்லதுதானே?"

"ஃபியூஸுக்கு நல்லது. பெட்டியைத் தொடுறவங்களுக்கு?"

"ஃபியூஸுன்னா கடையில கிடைக்கும், இவரு எங்க கிடைப்பாரு" என்றாள் மனைவி. அக்காளும் தங்கையும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஈரத்துணி கையிலேயே இருந்தது.

மச்சினி புது மூன்று கால் பிளக்கை மாட்டிக்கொண்டே சொல்லிக்கொண்டு போனாள். எர்த் இருந்தாலும் கிளிப்பை மெயின் கரண்ட் ஓடும் பக்கம் கொண்டு போகவே கூடாது. பின்மூடியைத் திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் விழித்துக்கொண்டுதான் இருக்கும். முதல் பாடத்துக்குப் பெட்டியின் முகத்திலேயே, சோதித்துப் பார்க்க லேசான மின்துடிப்பு தரும் ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது, அதில் ஆபத்தில்லை. எல்லாம் அவர் காதில் விழுந்தது. மனம் மட்டும் தையல் கூடத்தில் நின்றது.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஐந்தாம் நம்பர் மெஷினைப் போட்டாலே கூடத்துக்கே கரண்ட் போய்க்கொண்டிருந்தது. அவசர ஆர்டர். முதலாளியம்மா தலைக்கு மேல் நின்றார். இவர் மெஷினின் பச்சை எர்த் வயரைக் கழற்றி விட்டார். அப்புறம் கரண்ட் போகவே இல்லை. கை ராசிக்காரர் என்று எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு வாரம் கழித்து அந்த மெஷினில் உட்காரும் தையல்காரம்மா, "அண்ணே, தொட்டா லேசாக் கூசுது" என்றாள். "மெஷினுக்கு உங்க மேல ஆசை" என்று கேலி பேசிவிட்டு வந்துவிட்டார். அவள் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மெஷினின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அலங்காரம் என்றல்லவா அவர் நினைத்திருந்தார்.

"அத்தான், சுவிட்சப் போடுங்க, பாடத்த ஆரம்பிக்கலாம்."

"நாளைக்குப் போடுறேம்மா. எனக்கு ஒரு வேலை இருக்கு."

மறுநாள் காலையில் கூடத்துக்குள் நுழையுமுன் வாசலில் ஒரு கணம் கண்ணை மூடி நின்றார். கடவுளே, வாய் குழறாமல் பார்த்துக்கொள். வேறு எதையும் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. நேராகப் போய் ஐந்தாம் நம்பரின் பிளக்கைப் பிடுங்கினார்.

"என்னண்ணே, வந்ததும் வராததுமா?" என்றாள் தையல்காரம்மா.

"எந்திரிம்மா. இதுல உக்காராத." முதலாளியம்மாவும் வந்துவிட்டார். இருவர் முன்னாலும் சொல்லி முடித்தார். தான் கழற்றியதை, காரணம் தேடாமல் விட்டதை, கேலி பேசியதை. கூடத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

முதலாளியம்மா தையல்காரம்மாவிடம் திரும்பினார். "ஆறு மாசமா ஏன் வாயத் தொறக்கல?"

அவள் தரையைப் பார்த்தாள். "சொன்னா இவரு வேலைக்கு ஏதாவது வந்துடுமோன்னுதாம்மா. பிள்ளைகுட்டிக்காரரு. நான் ரப்பர் செருப்புப் போட்டுத்தான் உக்காருவேன். புதுசா வர்ற பொண்ணுங்கள இதுல உக்கார விடமாட்டேன்."

சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தையை அவள் இத்தனை நாள் அவருக்காக விழுங்கியிருக்கிறாள். நாம் அறியாமல் நம்மைத் தாங்கும் கைகள் எத்தனையோ.

மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தார். மிதிபலகைக் கம்பியில் உரசி உரசி ஓரிடத்தில் வயரின் தோல் உரிந்திருந்தது. அன்றைக்கே குனிந்து பார்த்திருந்தால் கால் மணி நேர வேலை. புது வயர் போட்டு, பச்சை வயரை அதன் இடத்தில் இறுக்கி, மீட்டர் பீப் என்று சொல்லும்வரை விடவில்லை. அப்புறம் மின்சாரம் கொடுத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, முதலில் தன் கையை வைத்தார். ஒன்றுமில்லை. தையல்காரம்மா சிவப்புத் துணியை அவிழ்த்தாள். வெறும் இரும்பின் மேல் ஒரு விரல், பிறகு முழுக் கை.

"இப்ப மெஷினுக்கு என் மேல ஆசை போயிடுச்சு அண்ணே" என்றாள்.

முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "மிச்சப் பதினோரு மெஷினையும் இதே மாதிரி பாருங்க. வேலையப் பத்தி மாசக் கடைசியில பேசிக்கலாம்."

பொழுது சாயும் நேரத்தில் வீட்டு மேசை முன் உட்கார்ந்தார். தையல்காரம்மாவிடம் கேட்டு வாங்கி வந்த சிவப்புத் துணியைப் பெட்டியின் கைப்பிடியில் ஒரு முடிச்சாகக் கட்டினார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். சுவிட்சைப் போட்டார். கண்ணாடி வெகு நேரம் இருட்டாகவே இருந்தது. பிறகு ஒரு பச்சைப் புள்ளி தோன்றி, நடந்து, கோடாக நீண்டது. மச்சினி சொன்ன சின்னக் கொக்கியில் வயரின் முனையை மாட்டினார். கோடு துள்ளியது, நடுங்கியது. ஒரு திருகை மெல்லத் திருப்பினார். ஏறி, சமமாக ஓடி, இறங்கி, மறுபடி ஏறி, கோட்டைச் சுவரின் பற்களைப் போலக் கட்டங்களுக்கு நடுவே அசையாமல் நின்றது.

அவர் இடக்கையைப் பெட்டியின் தகரத்தின் மேல் வைத்தார். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது. மனைவியும் தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள்.